பால் மங்கும் திருநீற்றுச் சம்புடமும்

ஈப்போ,
6 அக்டோபர் 2025, திங்கட்கிழமை

திருமதி விமலா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜூன் 16ஆம் தேதியிலிருந்து உங்கள் பகல்நேரக் குழந்தைகள் இல்லத்திற்கு வந்துகொண்டிருக்கும் மாதுமையின் அப்பப்பா நான். நில அளவை இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகன் மதீசன் லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை செய்வதால் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுகிறான். மருமகள் பிரதீபாவுக்கு மருத்துவமனை மருந்தகத்தில் பகல் வேலை. ஆகவே இவ்வீட்டில் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே.

அக்டோபர் 2ஆம் தேதி விஜயதசமி. மாதுமைக்கு நவம்பர் 14இல்தான் இரண்டு வயது நிறைவடைகிறது. ஏடு தொடக்குவதற்கு மூன்றாம் வயதே முறை என்பதை அறிவேன். ஆயினும் பிள்ளை இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. நான்கு மாதமாக உங்களிடம் வந்தும் ஓர் எழுத்தையும் அடையாளம் காணவில்லை. எனவே முன்கூட்டியே செய்தேன். உறவினர் முன்னிலையில், தட்டில் அரிசி பரப்பி, அவளுடைய விரலைப் பிடித்தேன். அவள் கையை உதறினாள். அருகிலிருந்த செம்பில் அரிசியை அள்ளி நிரப்பி, தூக்கி, தட்டில் கொட்டினாள். மீண்டும் நிரப்பினாள். மீண்டும் கொட்டினாள். ‘அ’ எழுதப்படவே இல்லை. என் தங்கை சந்திரமதி சபையில் சொன்னது: “அண்ணை, பேத்தி படிக்கிற சாயல் இல்லை. அரிசிக்கடை வைக்கப்போறாள் போல கிடக்கு.” எல்லோரும் சிரித்தார்கள்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். செப்டம்பர் 26ஆம் தேதி காலை உங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் பேத்தி ரப்பர் மரங்களுக்கிடையே நடந்து, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு ஒன்றில் எதையோ ஏந்திச் சென்று வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயதான பெண்மணி ஒருவர் “ஊத்து, ஊத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் எண்ணிக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மங்கில் பால் எடுத்து வாளியில் சேர்ப்பது என்ன வேலை என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தொழிலாளர் பிள்ளைகளை விட்டுச்சென்ற பழைய ஆயாக் கொட்டகையில் இல்லம் நடத்துவது உங்கள் விருப்பம். அங்கே என் பேத்திக்குத் தோட்ட வேலை பழக்குவது யாருடைய விருப்பம்?

பாடத்திட்டம், கால அட்டவணை இரண்டையும் அனுப்பவும். கொட்டகைக்குப் பின்னுள்ள கால்வாய் மூடப்படாமல் இருப்பதையும் குறித்துக்கொண்டேன்.

வாட்ஸாப் செய்திகளை நான் ஆவணமாகக் கருதுவதில்லை. இக்கடிதம் மாதுமையின் பையில், துவாய்க்கு அடியில் இருக்கும். பதிலையும் அவ்வாறே அனுப்பவும்.

இப்படிக்கு,
இ. பஞ்சலிங்கம்

*

பாலத்துத் தோட்டம்,
8 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பால்போத்தல் கசிந்து ஓரம் நனைந்திருந்தது. எழுத்து முழுவதும் படிக்க முடிந்தது.

இங்கே எதையும் கற்றுக்கொடுப்பதில்லை என்று நீங்கள் ஐயப்படுவது பாதி சரி. கால அட்டவணையில் பாடம் இல்லை. காலையில் மணல், தண்ணீர், கூடை ஆகியவற்றை வெளியே வைப்போம். கூடையில் வீட்டுப் பொருள்கள் இருக்கும்: மரக்கரண்டி, கொட்டாங்கச்சி, மூடி, துணி. பிள்ளைகள் வேண்டியதை எடுக்கட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவோம். வாயில் போடக்கூடாததைப் போட்டால் எடுப்போம், அழுதால் தூக்குவோம். மற்ற நேரத்தில் குறுக்கிடுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் சும்மா இருப்பது போலத் தோன்றும்.

மாதுமை மங்கில் கொண்டுபோனது தண்ணீர். பெரிய வாளியிலிருந்து சிறிய மங்குக்கு ஊற்றினால் வழிகிறது என்பதை அவள் தானாகக் கண்டுபிடித்தாள். கண்ட நாளன்று நனைந்த தரையையும் மங்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் அவள் படிக்கவில்லை என்று எழுதியிருக்க மாட்டீர்கள். இந்த மரங்களை இப்போது பாலுக்காக யாரும் வெட்டுவதில்லை. பால்கத்தியை நான் கடைசியாகப் பார்த்தது என் அம்மாவின் கையில். மங்கு நன்றாக ஊற்ற வரும் பாத்திரம். அதன் குற்றம் அவ்வளவே. தோட்ட வேலை பழக்கலாமா என்று என் அம்மாவின் வீட்டாரிடம் யாரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை, ஐயா. கேட்காமலேயே பழக்கினார்கள்.

நீங்கள் பார்த்த வயதான பெண்மணி பாப்பா அக்கா. மங்கைக் கவிழ்த்து அதற்குள் ஒரு மரக்கட்டையை மறைத்து, “இருக்கா?” என்று பிள்ளைகளைக் கேட்பார். பிள்ளைகள் தூக்கிப் பார்த்து “இருக்கு!” என்று கத்துவார்கள். மாதுமை இன்னும் பதில் சொல்லவில்லை. தூக்கிப் பார்க்கிறாள், மூடிவிடுகிறாள், பிறகு மறுபடி தூக்கிப் பார்க்கிறாள்.

கால்வாய்க்கு முன்னால் கதவு இருக்கிறது, வேலியிலிருந்து தெரியாது.

எங்களிடமும் ஒரு புகார் உண்டு. சென்ற வாரத்திலிருந்து மூன்று பிளாஸ்டிக் மங்குகளைக் காணவில்லை. வெளியாட்கள் வருகிற இடமில்லை இது. வேலிப் பக்கம் வேறு யாராவது நின்றதைப் பார்த்திருந்தால் தெரிவிக்கவும். நீங்கள் வந்த அன்று பாப்பா அக்கா என்னிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “விமலா, கிராணி ஐயா கறுப்புக் கொடையோட பெரட்டுக்கு ஆள் எண்ண வந்துட்டாருலா. நான் பேரு குடுத்துட்டு வரவா?”

அன்புடன்,
விமலா தனேஸ்வரன்

*

ஈப்போ,
13 அக்டோபர் 2025, திங்கட்கிழமை

திருமதி விமலா அவர்களுக்கு,

நகைச்சுவையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

என் தாயாரின் வெள்ளித் திருநீற்றுச் சம்புடம் காணாமற் போயுள்ளது. எலுமிச்சம்பழ அளவு, மூடியில் வேல் பொறித்திருக்கும். அக்டோபர் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை திருநீறு பூசியபின் சுவாமி அறையின் கீழ்த்தட்டில் வைத்தேன். முழங்கால் வலியால் மேல்தட்டை எட்ட முக்காலியில் ஏறுவதை இவ்வாண்டு ஏப்ரலில் நிறுத்திவிட்டேன். 11ஆம் தேதி காலை அது அங்கே இல்லை. வீட்டிற்கு அந்நியர் யாரும் வரவில்லை. வீட்டிலிருந்து நாள்தோறும் வெளியே சென்று திரும்புவது ஒரு கைப்பையும் ஒரு குழந்தைப்பையும் மட்டுமே. கைப்பை என் மருமகளுடையது.

இன்று காலை மீண்டும் உங்கள் வேலியருகே நின்றேன். கூடையில் எங்கள் வீட்டில் மாவு சலிக்கும் அரிதட்டைக் கண்டேன். எங்கள் செம்பைக் கண்டேன். அதன் விளிம்பில் உள்ள நெளிவு 1998இல் கிணற்றுக்கட்டில் விழுந்ததால் ஏற்பட்டது. தவறாக அடையாளம் காண இயலாது. இவை எப்படி அங்கே வந்தன? நான் யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் பேசத் தெரியாத குழந்தையின் பையைவிட வசதியான வழி வேறு என்ன இருக்கிறது என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

நீங்கள் மூன்று மங்குகளைப் பற்றி முந்திக்கொண்டு எழுதியதன் பொருளும் இப்போதுதான் விளங்குகிறது.

அக்டோபர் 17ஆம் தேதிக்குள் சம்புடமும் விளக்கமும் வேண்டும். தவறினால் சமூகநல இலாகாவில் எழுத்து மூலம் புகார் செய்வேன். பேத்தியையும் நிறுத்திக்கொள்வேன்.

இ. பஞ்சலிங்கம்

*

பாலத்துத் தோட்டம்,
14 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்த உடனே எழுதுகிறேன். கோபத்தாலா பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை.

அரிதட்டையும் செம்பையும் கொடுத்தது உங்கள் மருமகள். கூடைக்குப் பழைய வீட்டுப் பாத்திரம் வேண்டும் என்று எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸாப்பில் கேட்டிருந்தேன். நீங்கள் ஆவணமாகக் கருதாத அந்த வாட்ஸாப்பில்தான். 7ஆம் தேதி அவரே காரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வேண்டுமென்றால் இன்றே திருப்பி அனுப்புகிறேன்.

சம்புடம் இங்கே வரவில்லை. மணல் முழுவதையும் சலித்தோம். பாப்பா அக்கா கொட்டகையின் தகரக் கூரைக்கு மேலேயும் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொன்னார்.

இந்த இல்லத்தின் பதிவு இவ்வாண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் பை வழியாகத் திருடுகிறார்கள் என்று ஒரு புகார் போனால், விசாரணை எப்படி முடிந்தாலும் அம்மாக்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் பயமுறுத்துவது பலித்துவிட்டது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒருமுறை வாசல் வழியாக உள்ளே வாருங்கள். எந்த நாளும், சொல்லாமலே வரலாம். எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

சென்ற கடிதங்கள் நனைந்ததால் இதைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அனுப்புகிறேன்.

விமலா தனேஸ்வரன்

*

ஈப்போ,
22 அக்டோபர் 2025, புதன்கிழமை
பதிவுத் தபால்

திருமதி விமலா அவர்களுக்கு,

என் 13ஆம் தேதிக் கடிதத்திற்குப் பதில் இல்லை. 14, 15, 16, 17 ஆகிய நான்கு மாலைகளிலும் மாதுமையின் பையை நானே பார்த்தேன். துவாய், மாற்றுடை, போத்தல். வேறெதுவும் இல்லை. தீபாவளிக்காக 20ஆம் தேதி வரை பொறுத்தேன். மௌனம் ஒரு பதில் என்றே கொள்கிறேன்.

பிரதீபாவிடம் கேட்டேன். செம்பும் அரிதட்டும் தான் கொடுத்ததாகச் சொல்கிறாள். “மாமா, அவை பழைய சாமான்தானே? சம்புடத்தைப் போய் நான் குடுப்பனே?” என்று அழுதாள். அவளை நம்புகிறேன். இருந்தும், கொடுத்தவற்றோடு கொடுக்காததும் சேர்ந்து போயிருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. மகன் தொலைபேசியில், “அப்பா, ஒரு டப்பாவுக்காக ஒரு ஸ்கூலை மூடப்போறீங்களோ?” என்கிறான். அது டப்பா அல்ல.

நேற்றிலிருந்து மாதுமையை அனுப்பவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். எழுத்து அட்டைகள் வாங்கியிருக்கிறேன். அவள் அவற்றை அறைக்கு அறை கொண்டுபோகிறாள், படிப்பதில்லை.

இவ்வீட்டில் ஒன்றும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. வாசலில் பிரம்புக் கூடையில் நிற்கும் என் குடைகூட ஒரு வாரமாக உயர்ந்து நிற்கிறது. அதன் பிடி சுவரிலுள்ள ஆணிக்கு நேராக இருக்க வேண்டும். யாரோ தொடுகிறார்கள். யாரையும் நம்ப முடியவில்லை.

புகாரின் நகலை இணைத்துள்ளேன். அக்டோபர் 27, திங்கட்கிழமை, நேரில் கொடுப்பேன்.

இ. பஞ்சலிங்கம்

*

பாலத்துத் தோட்டம்,
24 அக்டோபர் 2025
விரைவுத் தபால்

ஐயா,

14ஆம் தேதி பதில் எழுதினேன். சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, மாதுமையின் பையில் என் கையாலேயே வைத்தேன். பாப்பா அக்கா சாட்சி. அது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். பையை நீங்களே பார்த்ததாகவும் எழுதுகிறீர்கள். அப்படியானால் கடிதத்தைக் கடைசியாகத் தொட்டிருக்கக்கூடியவர் யார்? ஒருவர் கிழித்துப் போட்டுவிட்டு மௌனம் என்று எழுதினால் நான் என்ன செய்ய முடியும்?

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மங்குகள் காணாமற் போனபோது நான் உங்களைத்தான் நினைத்தேன். இலாகாவில் காட்டுவதற்குச் சான்றாக எடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

உங்கள் புகாரின் செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. இரண்டு அம்மாக்கள் நேற்றுப் பிள்ளைகளை அனுப்பவில்லை. இன்னோர் அம்மா மாலையில் பிள்ளையின் பையை வாசலிலேயே கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு அழைத்துப்போனார். பாப்பா அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு வந்து, “நாப்பது வருசமா இந்த லயத்து வீட்டுல கதவு பூட்டுனது இல்ல விமலா. இப்ப பூட்டு வாங்கணுமாலா?” என்று கேட்டார்.

நீங்கள் எழுதியவற்றுள் ஒன்று சரி. கால்வாயின் முன்னுள்ள கதவின் கொக்கி தளர்ந்திருந்தது. உங்கள் முதல் கடிதத்தைக் கோபத்தோடு படித்ததால் போய்ப் பார்க்கவில்லை. இவ்வாரம் பார்த்தேன். இரும்புச் சட்டம் போட்டு மூடிவிட்டோம். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்; சொல்கிறேன்.

மாதுமையின் மங்கு இன்னும் கவிழ்த்தபடியே இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் தூக்கினாலும் பாப்பா அக்கா திரும்ப மூடிவைக்கிறார்.

திங்கட்கிழமை நீங்கள் செய்ய நினைத்ததைச் செய்யுங்கள்.

விமலா

*

ஈப்போ,
28 அக்டோபர் 2025, செவ்வாய்க்கிழமை

திருமதி விமலா அவர்களுக்கு,

புகார் கொடுக்கப்படவில்லை. காரணத்தை வரிசைப்படி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பிரதீபா விடுப்பெடுத்து வீட்டில் இருந்தாள். நான் கோப்பும் கையுமாகப் புறப்பட்டேன். மழை பிடித்துக்கொண்டது. பிரம்புக் கூடையிலிருந்து குடையை உருவினேன். அடியில் ஏதோ உருண்டது. கூடை என் தொடையளவு உயரம். குனிந்தால் அடி தெரியாது. தரையில் உட்கார்ந்து, கூடையைச் சாய்த்துப் பார்த்தேன்.

உள்ளே மூன்று கறுப்பு மங்குகள், ஒன்றனுள் ஒன்றாக. மேல் மங்கில் சம்புடம், மூடியின்றி. சம்புடத்திற்குள் என் மேசை இழுப்பறையைப் பூட்டும் திறப்பு. அது காணாமற் போனதையே நான் அறிந்திருக்கவில்லை. பக்கத்தில் செங்குத்தாக, ரப்பர் வளையத்துடன், உங்கள் 14ஆம் தேதிக் கடிதம். அதன்மேல் என் எழுத்து அட்டைகளில் நான்கு. குடை ஏன் உயர்ந்து நின்றது என்பதற்கு இதுவே விளக்கம். அந்த உயரத்தைக் கவனித்தவன் நான். அடியைப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தை வாசற்படியில் இருந்தபடியே வாசித்தேன்.

உங்களுடைய ஆள் யாராவது வந்து போட்டிருக்கலாமோ என்று அப்போதும் ஓர் ஐயம் எழுந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். ஆகவே எல்லாவற்றையும் கண்டபடியே திரும்ப வைத்தேன். குடையையும் செருகினேன். சாய்வு நாற்காலியை மறைவாகப் போட்டு, பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மாதுமை வந்தாள். நான் அங்கு இருப்பதை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. குடையை இரு கைகளாலும் இழுத்துத் தரையில் கிடத்தினாள். கூடையைச் சாய்த்தாள், நான் சாய்த்ததைவிடத் திறமையாக. தலையை உள்ளே விட்டாள். மதீசன் ஞாயிறு மாலை அவசரத்தில் விட்டுச் சென்ற காலுறை ஒன்றைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, மங்கின்மேல் வைத்தாள். கூடையை நிமிர்த்தினாள். சற்று நின்றாள். மீண்டும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கூடைக்குள்ளேயே சொன்னாள்:

“இருக்கு.”

மிகத் தெளிவாக. பிரம்பு அதிர்ந்தது.

பத்திரிகை என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. பிரதீபா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “மாமா, ஆர் கதைச்சது?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பிள்ளை மறுபடியும் சொன்னாள். அதன்பின் நாள் முழுவதும் நிறுத்தவில்லை. அலுமாரிக்குள், சோற்றுப்பானைக்குள், என் சப்பாத்துக்குள். மாலையில் சந்திரமதி வந்து கண்டுவிட்டு, “அண்ணை, கிராணியாற்றை பூட்டப்பிள்ளை பெரட்டுக் கணக்கு எடுக்கிறாள்” என்றாள். உங்கள் பாப்பா அக்காவும் இவளும் ஒருவரையொருவர் சந்திக்காமல் இருப்பது நல்லது.

திருட்டு பற்றி நான் எழுதிய வரிகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். அனுப்பாமல் நிறுத்திய இரு அம்மாக்களின் தொலைபேசி எண்களைப் பிரதீபாவிடம் பெற்று, நேற்று மாலையே நானே பேசினேன். ஒருவர் நம்பினார். மற்றவர், “ஐயா, இது உண்மையா, இல்ல அவங்க சொல்லச் சொன்னாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பழக்கமானது. அவரிடம் இன்று மாலை நேரில் செல்கிறேன். கூடையையும் எடுத்துச் செல்வேன்.

ஆயினும் சம்புடத்தின் மூடி இன்னும் கிடைக்கவில்லை. கூடையில் இல்லை. உங்கள் பக்கத்தில் இருக்கலாம் என்று கருதுகிறேன். இது குற்றச்சாட்டு அல்ல.

நவம்பர் 3ஆம் தேதி மாதுமை வருவாள். மங்குகளை அப்போது திருப்பி அனுப்புவதாக இருந்தேன். அவள் எடுக்க விடவில்லை. ஓர் அவகாசம் தரவும்.

இ. பஞ்சலிங்கம்

*

பாலத்துத் தோட்டம்,
5 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை மாதுமை காரிலிருந்து இறங்கியதும் நேரே தன் மங்கிடம் போனாள். தூக்கினாள். “இருக்கு” என்றாள். பாப்பா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “யாரு சொன்னா, யாரு சொன்னா?” என்று சுற்றிச் சுற்றி வந்தார். இரு அம்மாக்களும் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். இரண்டாமவர், “ஒரு தாத்தா கொடைக் கூடைய தூக்கிட்டு வந்து எங்க வீட்டு ஹால்ல கவுத்துப் போட்டாரு. ஒரு காலுறைய மொதக்கொண்டு எடுத்துக் காட்டுனாரு” என்று சொல்லிச் சிரித்தார். பூட்டு வாங்கவில்லை.

என் கடிதத்தை நீங்கள் கிழித்ததாக எழுதியதற்கும், மங்குகளை நீங்கள் எடுத்ததாக நினைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். மங்குகள் அங்கேயே இருக்கட்டும்.

மூடியைத் தேடினோம். மணலைச் சலித்தோம். கிடைக்கவில்லை. ஆனால் இன்று காலை கூடையின் அடியில், அரிதட்டுக்குக் கீழே, ஆண்கள் அணியும் இடது கால் செருப்பு ஒன்று இருந்தது. பழுப்பு நிறம். உள்ளங்கால் படும் இடத்தில் “இ.ப.” என்று மையால் எழுதியிருக்கிறது. மாதுமை அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள்; போகும்போதும் வரும்போதும் துணியை விலக்கிப் பார்க்கிறாள்.

வழக்கமாக இப்படிப்பட்டவற்றைப் பையில் வைத்துத் திருப்பி அனுப்புவோம். இதை அனுப்பப்போவதில்லை. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விமலா

*

ஈப்போ,
6 நவம்பர் 2025, வியாழக்கிழமை

அன்புள்ள விமலா,

கடிதம் துவாய்க்கு அடியில், நனையாமல் கிடைத்தது.

செருப்பு என்னுடையதே. 4ஆம் தேதி காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். என் ஐயம் பக்கத்து வீட்டு நாயின்மேல் இருந்தது.

வரும் திங்கட்கிழமை, நவம்பர் 10ஆம் தேதி, காலை வருகிறேன். எழுத்து அட்டைகளைக் கொண்டுவர மாட்டேன். தரையில் உட்கார்ந்தால் எழும்புவதற்கு எனக்கு ஒரு கை தேவைப்படும். பாப்பா அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

குடை கொண்டுவர இயலாது. அதை உருவினால் பிள்ளை வைத்திருக்கும் ஒழுங்கு குலைகிறது. ஆகவே மழை பெய்தால் இம்முறை வேலிக்கு வெளியே நிற்க முடியாது.

இ. பஞ்சலிங்கம்